தென் அமெரிக்க கொரில்லாக் கூட்டணி: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்லை தாண்டிய இடதுசாரி கொரில்லாக் கூட்டணிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் அதிகம் பேசப்படாத பொருள் இது. எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் தென் அமெரிக்கப் பகுதியைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. புரட்சிகர ஒருங்கிணைப்புக் குழு, அதாவது ஜே.சி.ஆர்., நான்கு நாடுகளை இணைத்த ஒரு கண்டப் படை போலவும், அதைச் சமாளிக்கத்தான் இராணுவ ஆட்சிகள், எதிர்ப்பாளர்களை எல்லை தாண்டி வேட்டையாடிய 'காண்டோர் நடவடிக்கை'யைத் தொடங்கின போலவும், கடைசியில் கொள்கைச் சண்டையால் கூட்டணி உடைந்தது போலவும் அதில் வருகிறது. மூன்றும் சரியல்ல. அந்தக் கூட்டணியில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

தொடக்கத்திலிருந்து வருவோம். 1972 ஆகஸ்ட் 15 அன்று அர்ஜென்டினாவின் தெற்கே உள்ள ராவ்சன் சிறையிலிருந்து கொரில்லாக் கைதிகள் தப்பினார்கள். தலைவர்கள் ஆறு பேர் மட்டும் விமானத்தைக் கடத்திச் சிலி போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் வந்த பத்தொன்பது பேருக்கு விமானம் கிடைக்காததால் சரணடைந்தார்கள். ஒரு வாரம் கழித்து ட்ரெலெவ் கடற்படைத் தளத்தில் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு பதினாறு பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிய ஆறு பேரில் ஒருவர் மக்கள் புரட்சிப் படையின் (ஈ.ஆர்.பி.) தலைவர் மரியோ ராபர்ட்டோ சாந்துச்சோ. அவருடைய மனைவி அந்தப் பதினாறு பேரில் ஒருவர். சிலியில் அப்போது சோசலிஸ்ட் தலைவர் அயெண்டேயின் ஆட்சி. அர்ஜென்டினா திருப்பிக் கேட்டும் அயெண்டே இவர்களை ஒப்படைக்காமல் கியூபாவுக்கு அனுப்பி வைத்தார்.

அதே ஆண்டு நவம்பரில் சாண்டியாகோவில் மூன்று இயக்கங்கள் உட்கார்ந்து பேசின: சிலியின் புரட்சிகர இடதுசாரி இயக்கமான மிர், உருகுவேயின் துபமாரோக்கள், அர்ஜென்டினாவின் ஈ.ஆர்.பி. மிர் தலைவர் மிகுவேல் என்ரிக்கே இதைத் தென் அமெரிக்கத் தென்கோடி நாடுகளின் ஒரு 'சிறு சிம்மர்வால்டு' என்று சொன்னார். 1915-ல் சுவிட்சர்லாந்தில் போரை எதிர்த்த சோசலிஸ்டுகள் கூடிய ஊர் சிம்மர்வால்டு. சிறு கூட்டம், பெரிய நோக்கம் என்ற பொருளில் அந்தப் பெயரை எடுத்தார். 1973-ல் பொலிவியாவின் தேசிய விடுதலைப் படை சேர்ந்தது. 1974 பிப்ரவரியில்தான் கூட்டணி வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது.

நவம்பர் 1972-க்கும் பிப்ரவரி 1974-க்கும் இடையில் என்ன நடந்தது என்பதைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது. எல்லாமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. துபமாரோக்கள் பேச்சுக்கு வரும்போதே சொந்த நாட்டில் தோற்றிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் ராவுல் செந்திக் 1972 செப்டம்பர் முதல் நாளே பிடிபட்டார். 1973 ஜூன் 27-ல் உருகுவேயில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. பொலிவியர்களின் தெயோபோன்ட்டே கொரில்லா முயற்சி 1970-லேயே அழிந்திருந்தது. 1971 ஆகஸ்டில் இராணுவ அதிகாரி பான்செர் அங்கே ஆட்சியைப் பிடித்தார். 1973 செப்டம்பர் 11-ல் சிலியும் இராணுவத்தின் கையில் விழுந்தது. ஆக, கூட்டணி தன்னை உலகத்துக்கு அறிவித்த நாளில் நான்கு உறுப்பினர்களில் மூவருக்குச் சொந்த மண்ணில் நிற்க இடமில்லை. கால் ஊன்றி இயங்கிக்கொண்டிருந்தது ஈ.ஆர்.பி. மட்டும்தான். அர்ஜென்டினாவின் மிகப் பெரிய ஆயுத இயக்கமான மொந்தோனெரோக்கள் பெரோனிஸ்டுகள், அதாவது முன்னாள் குடியரசுத் தலைவர் பெரோனின் வழி வந்தவர்கள். அவர்கள் இந்தக் கூட்டணியில் சேரவே இல்லை. இதைக் 'கண்டப் படை' என்று சொல்வது அறிவிப்பின் மொழியை நடந்த உண்மையாக எடுத்துக்கொள்வதாகும்.

அப்படியானால் கூட்டணி வெறும் காகிதமா? அதுவும் இல்லை. இந்த இடத்தில் கட்டுரை குறைவாகச் சொல்லிவிட்டது என்றே நினைக்கிறோம். பணம் கைமாறியது. 1973 டிசம்பரில் எக்சான் நிறுவனத்தின் காம்பானா ஆலை அதிகாரியை ஈ.ஆர்.பி. கடத்தியது, நிறுவனம் 1 கோடியே 42 இலட்சம் டாலர் கொடுத்த பிறகு 1974 ஏப்ரல் கடைசியில் விடுவித்தது. அந்தப் பணத்தின் ஒரு பகுதி மற்ற மூன்று இயக்கங்களுக்கும் போனது. போலி ஆவணங்கள் தயாரிக்கும் வேலை, மறைவிடங்கள், ஐரோப்பாவில் ஆதரவு திரட்டும் தொடர்புகள், 'சே குவேரா' என்ற பெயரில் ஒரு இதழ், அர்ஜென்டினாவில் இரகசியப் பட்டறையில் ஆயுதத் தயாரிப்பு என்று பொது வேலைகள் இருந்தன. ஆட்களும் எல்லை தாண்டினார்கள். சிலியில் மிர் இயக்கத்தோடு இருந்துவிட்டு, வடக்கு அர்ஜென்டினாவின் துகுமான் மாநிலக் காட்டில் ஈ.ஆர்.பி. அணியில் சண்டையிட்டு 1975-ல் இறந்த சுவீடன்காரர் ஸ்வாந்தே கிராண்டே இதற்கு ஒரு எடுத்துக்காட்டு.

ஆனால் இந்த உதவிகள் எந்தத் திசையில் ஓடின என்று பாருங்கள். பணம் ஒரு இயக்கத்திடமிருந்து மூன்று இயக்கங்களுக்கு. அடைக்கலம் ஒரு நாட்டிலிருந்து மூன்று நாட்டாருக்கு. பெயருக்கு நால்வரும் சமம். நடைமுறையில் ஒருவர் கொடுப்பவர், மூவர் பெறுபவர். பெறுபவர்களுக்கு உள்ளேயே இதனால் சிக்கல் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் துபமாரோக்கள் நாட்டுக்குத் திரும்பிப் போராட்டத்தை மறுபடி தொடங்குவதா, ஆட்களைப் பாதுகாத்துத் தொழிலாளர் நடுவே கட்சியை முதலில் கட்டுவதா என்று பிரிந்தார்கள். 1974-ல் அந்தப் பிரிவு பிளவாகவே ஆனது. இதைக் கட்டுரையாசிரியர் 'கொள்கைச் சண்டை' என்கிறார். தோற்றுப்போய், அடுத்தவர் வீட்டில் தங்கி, அடுத்தவர் பணத்தில் வாழும் எந்த அமைப்பிலும் வரக்கூடிய சண்டை அது. கொள்கைப் பெயர்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன.

கூட்டணியை உண்மையில் கொன்றது வேறு. அர்ஜென்டினா ஒரே நேரத்தில் புகலிடமாகவும் போர்க்களமாகவும் இருந்தது.

1973-ல் அர்ஜென்டினாவில் தேர்தல் நடந்து அக்டோபரில் பெரோன் மீண்டும் குடியரசுத் தலைவரானார். சிலி, உருகுவே, பொலிவியாவிலிருந்து தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் புவெனஸ் அயர்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள். பக்கத்து நாடுகளில் மிச்சமிருந்த ஒரே திறந்த ஊர் அதுதான். அந்தத் திறப்பு நீடித்தால் மட்டுமே கூட்டாளிகள் மூச்சுவிட முடியும். ஆனால் ஈ.ஆர்.பி. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியின் கீழும் இராணுவத்தின் மீதான போரை நிறுத்தவில்லை. 1974 ஜனவரியில், ஜே.சி.ஆர். அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்பு, அசூல் நகரப் படைமுகாமைத் தாக்கியது. உடனே பெரோன் அரசு தண்டனைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. ஜூலை முதல் நாள் பெரோன் இறந்தார். அந்த ஆண்டே துகுமானில் கிராமப்புறப் படையணி தொடங்கப்பட்டது. 1975 பிப்ரவரியில் அதை அழிக்க இராணுவம் களத்தில் இறக்கப்பட்டது. டிசம்பர் 23-ல் புவெனஸ் அயர்ஸ் ஓரத்தில் உள்ள மொந்தே சிங்கோலோ ஆயுதக் கிடங்கின் மீது நடந்த தாக்குதல், உள்ளே இருந்த ஒற்றன் முன்கூட்டியே தகவல் கொடுத்ததால் படுதோல்வியில் முடிந்தது. இந்த அடிகள் ஒவ்வொன்றும் ஈ.ஆர்.பி.யின் மேல் மட்டும் விழவில்லை. ஒவ்வொன்றுக்குப் பிறகும் சோதனை கூடியது, வாடகை வீடு கிடைப்பது கடினமானது, வெளிநாட்டு உச்சரிப்போடு பேசுபவர் யாரும் சந்தேகத்துக்குரியவர் ஆனார். உருகுவே, சிலி அகதிகளின் உயிர் ஈ.ஆர்.பி. எடுக்கும் முடிவுகளில் தொங்கியது. அந்த முடிவுகளில் அவர்களுக்கு வாக்கு இருந்ததா? கூட்டணி அமைப்பில் அதற்கு வழியே இல்லை. தன் நாட்டுப் போரை ஒவ்வொரு இயக்கமும் தானே நடத்தும் என்பதுதான் ஏற்பாடு.

வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தாலே துகுமானின் நிலை புரியும். வடக்கே பொலிவியாவில் பான்செர். மேற்கே சிலியில் பினோசெட். வடகிழக்கே பராகுவேயில் 1954 முதல் ஸ்ட்ரோஸ்னர். மூவரும் இராணுவ ஆட்சியாளர்கள். காயம்பட்டவரை எடுத்துப்போக, களைத்த அணியை ஓய்வுக்கு அனுப்ப ஒரு எல்லைகூட இல்லை. நான்கு நாட்டுக் கூட்டணி வைத்திருந்த ஒரு இயக்கம், சுற்றிலும் பகை எல்லைகள் மட்டுமே உள்ள மலைக்காட்டில் படை இறக்கியது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மிர் எடுத்த ஒரு முடிவையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிலியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் 'மிர் அடைக்கலம் தேடாது' என்று அறிவித்தது. தூதரகங்களுக்குள் போகக் கூடாது, நாட்டைவிட்டு ஓடக் கூடாது. துணிவான முடிவு. விளைவு, தலைமை சாண்டியாகோவுக்குள்ளேயே இருந்தது. 1974 அக்டோபர் 5-ல் மிகுவேல் என்ரிக்கே அங்கேயே கொல்லப்பட்டார். எல்லைக்கு அப்பால் கூட்டாளி வைத்துக்கொண்டு, எல்லையைத் தாண்டாதே என்று உறுப்பினர்களுக்கு உத்தரவு போட்டால் அந்தக் கூட்டணியால் உயிர்களுக்கு என்ன பயன்?

அடுத்து தொடர்புச் சங்கிலி. தலைமறைவு அமைப்பின் பாதுகாப்பு, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதில் நிற்கிறது. கூட்டணி அதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது: இரண்டு மூன்று இயக்கங்களின் ஆட்கள், வீடுகள், முகவரிகளை ஒருசேர அறிந்த இணைப்பாளர்கள் இல்லாமல் பணமும் செய்தியும் நகராது. அப்படிப்பட்ட ஒருவர் பிடிபட்டால் இழப்பு ஒரு இயக்கத்தோடு நிற்காது. 1975 மே மாதம் பராகுவேயில் நடந்தது அதுதான். மிர் இயக்கத்தின் ஹோர்ஹே ஃபுவென்டெஸும், சாந்துச்சோவின் அண்ணன் அமில்கார் சாந்துச்சோவும் ஜே.சி.ஆர். பணியாகப் போகும்போது கைதானார்கள். பராகுவேப் போலீஸ் விசாரித்தது. அங்கே விசாரணை என்றால் சித்திரவதை. ஜூன் 6-ல், புவெனஸ் அயர்ஸில் இருந்த அமெரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி சிலி அரசுக்கு எழுதிய கடிதத்தில் விசாரணையில் கிடைத்த தகவல்கள் இருந்தன. அமெரிக்காவுக்குள் இருந்த சிலரின் முகவரிகளும் இருந்தன. செப்டம்பரில் ஃபுவென்டெஸ் சிலியிடம் ஒப்படைக்கப்பட்டார். எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. ஒப்படைப்புச் சட்டம் எதுவும் பின்பற்றப்படவில்லை. சிலி உளவுத்துறையான தினாவின் தலைவர் மனுவேல் கொன்ட்ரெராஸ் பராகுவே அதிகாரிகளுக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். ஃபுவென்டெஸ் கடைசியாகக் காணப்பட்டது சாண்டியாகோவின் வில்லா கிரிமால்டி முகாமில். இன்றுவரை அவர் காணாமல்போனவர் பட்டியலில்தான் இருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, 1975 நவம்பர் 25-ல் கொன்ட்ரெராஸ் அழைப்பில் சாண்டியாகோவில் ஐந்து நாட்டு உளவு அதிகாரிகள் கூடினார்கள்: சிலி, அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா. இன்டர்போல் போன்ற தகவல் வங்கி, தொடர்புச் சாதனங்கள், முறையான சந்திப்புகள் என்று திட்டம் போட்டார்கள். விருந்தோம்பிய நாட்டின் சிறப்புக்காக அதன் தேசியப் பறவையின் பெயரை வைக்கலாம் என்று உருகுவே அணி முன்மொழிந்தது. அப்படித்தான் 'காண்டோர்' வந்தது. பிரேசில் 1976-ல் சேர்ந்தது.

தேதிகள் இப்படி அடுத்தடுத்து வருவதால் 'கொரில்லாக்கள் ஒன்று சேர்ந்தார்கள், எனவே அரசுகளும் ஒன்று சேர்ந்தன' என்று கட்டுரை முடிக்கிறது. இந்த வாக்கியத்தைத்தான் நாங்கள் மிகவும் ஆட்சேபிக்கிறோம். அந்த ஆட்சியாளர்கள் நீதிமன்றங்களில் சொல்லிக்கொண்ட வாதமும் இதுவே. அரசுகளின் எல்லை தாண்டிய கொலைகள் காண்டோருக்கு முன்பே தொடங்கிவிட்டன: சிலியின் முன்னாள் தரைப்படைத் தளபதி கார்லோஸ் பிராட்ஸும் அவர் மனைவியும் 1974 செப்டம்பர் 30-ல் புவெனஸ் அயர்ஸில் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள். பிராட்ஸ் கொரில்லா அல்ல. அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட படைத்தளபதி. 1976 மே மாதம் அதே ஊரில் கொல்லப்பட்ட செல்மார் மிச்செலினியும் ஹெக்டர் குட்டியரெஸ் ரூயிஸும் உருகுவே நாடாளுமன்றத்தினர். ஜூனில் கொல்லப்பட்ட ஹுவான் ஹோசே டோரெஸ் பொலிவியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர். செப்டம்பர் 21-ல் வாஷிங்டன் நடுத்தெருவில் கார் குண்டுக்குப் பலியான ஒர்லாண்டோ லெட்டலியர் அயெண்டேயின் அமைச்சர். அவரோடு இறந்த ரோனி மோஃபிட் அமெரிக்கப் பெண்மணி. புவெனஸ் அயர்ஸில் ஒரு கார்ப் பழுதுக் கடையில் நடத்தப்பட்ட ஒர்லெட்டி வதைமுகாமில் பெரும்பாலும் உருகுவேக்காரர்கள் அடைக்கப்பட்டார்கள்; அவர்களில் பெரும் பகுதி மக்கள் வெற்றிக் கட்சியினர், ஜே.சி.ஆரில் இல்லாதவர்கள். ஜே.சி.ஆர். இல்லாமல் இருந்திருந்தாலும் இந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் அப்படியே இருந்திருக்கும் என்பதே எங்கள் கருத்து. நாடு கடந்த எதிர்ப்பாளர் எவரையும் விடக் கூடாது என்பதுதான் நோக்கம். கொரில்லாக் கூட்டணி அதற்குக் கிடைத்த வசதியான காரணம்.

இரண்டு தரப்பின் 'ஒருங்கிணைப்பும்' ஒரே வகையும் அல்ல. ஒரு தரப்பில் வரிப்பணம், விமானம், தொலைத்தொடர்பு வலை, எல்லைக் காவல், சிறை. மறுதரப்பில் போலிப் பாஸ்போர்ட்டும் பேருந்துப் பயணமும்.

1976 மார்ச் 24-ல் அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரல் 10-ல் மிகுவேலின் அண்ணனும் ஜே.சி.ஆரின் முக்கியத் தலைவருமான எட்கார்டோ என்ரிக்கே புவெனஸ் அயர்ஸில் பிடிக்கப்பட்டுக் காணாமல்போனார். ஜூலை 19-ல் வில்லா மார்ட்டெல்லியில் சாந்துச்சோ கொல்லப்பட்டார். அப்போதுதான் மொந்தோனெரோக்களோடு பொது அமைப்புக்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. சொந்த நாட்டின் மிகப் பெரிய இயக்கத்தோடு செய்ய வேண்டிய பேச்சு, மூன்று அயல்நாட்டு இயக்கங்களோடு கூட்டணி அறிவித்து இரண்டு ஆண்டுக்கும் மேல் கழித்து வந்தது. அதன் பிறகு ஜே.சி.ஆர். என்பது ஐரோப்பாவில் நாடு கடந்தவர்களின் பெயர்ப்பலகை மட்டுமே.

இதற்கு முன்மாதிரியாகக் கட்டுரை சே குவேராவின் பொலிவிய முயற்சியைப் புகழ்கிறது. அவர் மீதான மதிப்பு எங்களுக்கும் உண்டு. ஆனால் கூட்டணி என்ற கோணத்தில் அது எச்சரிக்கைதான். சுமார் ஐம்பது பேர், அவர்களில் கியூபர்களும் பெருவியர்களும் உண்டு. 1966 டிசம்பர் 31-ல் முகாமுக்கு வந்த பொலிவியக் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் மரியோ மோன்ஹே தலைமை தனக்கு வேண்டும் என்றார், சே மறுத்தார், கட்சி விலகிக்கொண்டது. அதோடு நகர ஆதரவு போனது. வீரர்கள் கெச்சுவா மொழி படித்தார்கள். அந்த வட்டாரத்தில் பேசப்பட்டதோ குவாரனி. ஹவானாவின் வானொலிச் செய்தியைக் கேட்க முடிந்தது, பதில் அனுப்ப முடியவில்லை. 1967 ஏப்ரலில் இரண்டாகப் பிரிந்த அணிகள் மறுபடி சந்திக்கவே இல்லை. ஆகஸ்ட் 31-ல் ஆற்றைக் கடக்கும்போது பின் அணி பதுங்கித் தாக்கப்பட்டது. ஹவானாவும் பொலிவியத் தலைநகர் லா பாசில் இருந்த கட்சியும் ஒத்துழைத்திருந்தால் இவற்றில் பாதி நடந்திருக்காது. எஞ்சிய மூன்று கியூபர்கள் உயிரோடு வெளியேறியது சிலி எல்லை வழியாக; அன்று செனட்டராக இருந்த அயெண்டே அவர்களுக்குத் துணையாகத் தஹிதி வரை போனார். அந்த முழு முயற்சியிலும் சரியாக வேலை செய்த எல்லை தாண்டிய உதவி என்று பார்த்தால் அந்த மீட்பு ஒன்றுதான்.

வென்ற எடுத்துக்காட்டைக் கட்டுரை தொடவே இல்லை. நிகரகுவாவின் இடதுசாரி கொரில்லாக்களான சாந்தினிஸ்டாக்கள் 1979 ஜூலை 19-ல் வென்றார்கள். அவர்களுடைய தெற்குப் போர்முனைக்குக் கோஸ்டா ரிகா பின்தளம். அங்கே போர் இல்லை, படையே இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இருந்தது. கியூபாவிலிருந்து வந்த ஆயுதங்கள் அந்த வழியாகப் போயின. வெனிசுவேலாவும் பனாமாவும் உதவின. மூன்றாகப் பிரிந்திருந்த சாந்தினிஸ்டாக்கள் 1979 மார்ச்சில் ஒரே தலைமையின் கீழ் வந்த பிறகே இறுதித் தாக்குதல் தொடங்கியது. அர்ஜென்டினா, சிலி, பனாமாக்காரர்கள் அந்தப் போர்முனையில் சாந்தினிஸ்டா கட்டளையின் கீழ் சண்டையிட்டார்கள், ஈ.ஆர்.பி.யில் எஞ்சியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த முனை தலைநகரை நோக்கி உடைத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் சர்வாதிகாரி சொமோசாவின் தேர்ந்த படைகளைத் தெற்கிலேயே கட்டிப்போட்டது. கொலம்பியாவிலிருந்து திரட்டப்பட்ட சைமன் பொலிவார் படையணி வேறு வழியில் போனது. வெற்றிக்குப் பின் தனியாகத் தொழிற்சங்கங்கள் அமைக்கத் தொடங்கியது. ஆகஸ்டிலேயே நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. அயலாரின் ஆதரவை வரவேற்ற அதே இயக்கம், கட்டளை யாருடையது என்பதில் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை.

தெற்காசியாவைப் பற்றிச் சுருக்கமாக. 2001 ஜூலையில் அமைந்த மாவோயிஸ்ட் கட்சிகளின் ஒருங்கிணைப்புக் குழுவைக் கட்டுரை ஜே.சி.ஆருக்கு இணையாக வைக்கிறது. அதன் கூட்டறிக்கைகள் உண்டு. ஆனால் 2006 நவம்பரில் நேபாள மாவோயிஸ்டுகள் அமைதி உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, அந்த முடிவு நேபாளத்தின் கணக்கில் எடுக்கப்பட்டது. இந்திய மாவோயிஸ்டுகளால் செய்ய முடிந்தது அதை விமர்சித்து எழுதுவது மட்டுமே. சண்டையைத் தொடங்கும் முடிவையும் நிறுத்தும் முடிவையும் பகிர்ந்துகொள்ளாத கூட்டணி என்ற வகையில் மட்டுமே இரண்டும் ஒன்று.

தொடரின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இரண்டு திருத்தங்கள் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, ஜே.சி.ஆர். தோன்றிய ஆண்டாக 1974 மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1972 நவம்பர் சந்திப்பையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிலி வீழ்ச்சிக்குப் பிறகு பிறந்த அமைப்பு என்று வாசகர் நினைப்பார். மற்றொன்று, காண்டோரை ஜே.சி.ஆருக்கான பதிலாகக் காட்டும் பத்தி. 1992 டிசம்பரில் பராகுவேத் தலைநகர் அசுன்சியோன் அருகே லம்பாரே போலீஸ் நிலையத்தில் மனித உரிமைப் போராளி மார்ட்டின் அல்மாதாவும் நீதிபதி ஹோசே அகுஸ்டின் ஃபெர்னாண்டஸும் கண்டெடுத்த இரகசியப் போலீஸ் ஆவணக் குவியலும், 2016 மே 27-ல் அர்ஜென்டினாவின் முன்னாள் இராணுவ அதிபர் பிக்னோனேக்கு 20 ஆண்டுச் சிறை விதித்த புவெனஸ் அயர்ஸ் தீர்ப்பும் அந்தப் பத்திக்கு இடம் கொடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பு காண்டோரை, எல்லை தாண்டி ஆட்களைக் காணாமல்போகச் செய்வதற்கான குற்றச் சதி என்றே கொண்டது. ஃபுவென்டெஸ் போன்றவர்களின் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்து பெற்ற தீர்ப்பு அது. தமிழ் வாசகருக்கும் அது அப்படியே போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்கள்